சத்தமில்லாத வீடு

பள்ளிபாளையம்,
வியாழக்கிழமை.

அன்புத் தோழி ஷைமாவுக்கு,

ஸ்ரீதேவி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. மெல்போர்ன் குளிர் உனக்கும் உன் வீட்டுக்காரர் அல்தாபுக்கும் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்யாமல் எதற்கு இவ்வளவு நீளமாக மின்னஞ்சல் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நம் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அடுத்த மாதம் வெளிவரப்போகிற அதே கட்டுரையைத்தான் சொல்கிறேன்.

செந்தமிழனை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் ஆய்வில் இருக்கும் ஆட்டிசக் குழந்தைகளில் ஒருவன், ஆறு வயது. அப்பா சின்னராஜ் விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா நல்லம்மாள் அதே பட்டறையில் நூல் சுற்றுகிறார். அமைதியான வீட்டில்கூடத் தன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைகள் என்று எழுதினோமே, அதற்கு நல்ல உதாரணமாக நீ எடுத்துக்காட்டியது அவனைத்தான். எவ்வளவு அழகாக வரைபடம் போட்டிருந்தாய். அதைப் பார்த்து நானும் உச்சி குளிர்ந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை நல்லம்மாள் அழுதுகொண்டே போன் செய்தார். சிறப்புப் பள்ளியில் அவனைப் பேச்சுப் பயிற்சி வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்களாம். காது கேட்டாலும் பேச்சு இவனுக்குப் போய்ச் சேராது, உங்கள் மேடமே ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார், இனி படஅட்டை மட்டும் போதும் என்றார்களாம். போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போய் நம் முடிவுகளை விளக்கினேன் இல்லையா, அதன் பலன் இது. உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் காதை அடைத்தது. வீட்டுக்குள் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. இன்றைக்கு என்ன இப்படி ஓடுகிறது என்று நல்லம்மாளிடம் கத்திக் கேட்டேன். “என்னைக்கும் ஓடறதுதானுங்க மேடம். நீங்க பொட்டி வெக்கிற அன்னைக்குத்தான் நிறுத்துவோம்” என்றார், ரொம்பச் சாதாரணமாக. பெட்டி என்றால் நம் ரெக்கார்டர்.

ரமேஷ்குமாரைக் கூப்பிட்டு விசாரித்தேன். நம்மிடம் களப்பணிக்கு வந்த அன்றிலிருந்து ஒரு நாளும் பொய் சொல்லாதவன், இப்போதும் சொல்லவில்லை. “நீங்க சத்தமில்லாத ஊடா வேணும்னு கேட்டீங்க. இந்த ஊர்ல அப்படி ஊடு ஏதுங்க மேடம்? அதான் பட்டறைக்காரங்க கிட்டச் சொல்லி நிறுத்த வெச்சேன்” என்றான். ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல, நாம் அமைதி என்று எழுதிய அத்தனை வீட்டுக்கும் இதே ஏற்பாடு. தறி இல்லாத தெருவே இல்லாத ஊரில் இத்தனை அமைதியான வீடுகள் எப்படிக் கிடைத்தன என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

இன்னும் இருக்கிறது, கேள். இங்கே தெருவில் இழவு விழுந்தால்தான் எல்லாப் பட்டறையும் நிற்கும். வேறு நாளில் இப்படி ஒரேயடியாக நிற்காது. செந்தமிழனின் தாத்தா போன வருஷம் இறந்தபோது நின்றதாம். “அதுல இருந்து தறி நின்னாலே இவன் மூலையில போயி உக்காந்துக்குவானுங்க. யாரு கூப்பிட்டாலும் ஏனுன்னு கேக்க மாட்டான்” என்றார் நல்லம்மாள். அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவனைத்தான் கூப்பிட்டுப் பார்த்து, திரும்பவில்லை என்று நாம் குறித்து வைத்திருக்கிறோம்.

நான் கிளம்பும்போது, தறி ஓடிக்கொண்டிருக்க, நல்லம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே “செந்தமிழா” என்று கூப்பிட்டார். பையன் திரும்பினான். அவனுக்கு அம்மாவின் முதுகுதான் தெரிந்தது, வாயசைவைப் பார்த்துத் திரும்பினான் என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தை ஒரு தடவை திரும்பியதை வைத்து நான் புது முடிவு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய முடிவைச் சொல்ல நமக்கு இனி வாயில்லை.

யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை, ஷைமா. ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவர்கள் நமக்காக அன்றைய கூலியை விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றுகூட நல்லம்மாள் போன் செய்து, “அடுத்து எப்ப வாரீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க, நிறுத்தி வெச்சிர்றோம்” என்கிறார். இனி நிறுத்தவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஒன்பது வருஷமாக இந்தக் குழந்தைகளின் காதைப் பற்றிப் படிக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதை என் காதில் வாங்கவில்லை.

இந்தக் கட்டுரையை வைத்துத்தான் உன் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுத எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். நல்லா இருக்கிறார், முட்டிவலி மட்டும் அப்படியே. “எம் மவ வேலை எப்பம்மா நிரந்தரமாகும்? அன்னைக்குத் தெருவுக்கே சோறு ஆக்கிப் போடலாம்னு இருக்கேன்” என்றார். சீக்கிரம் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது.

இதழ் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நம் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். என்னுடையதைப் போட்டுவிட்டேன். உன்னை அவசரப்படுத்தக்கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் நாளைக் காலை பள்ளி திறந்ததும் அங்கே போய் நிற்கப்போகிறேன். செந்தமிழனைத் திரும்ப வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆராய்ச்சி தப்பாகிவிட்டது என்று சொல்லத்தான். எங்கள் ஆராய்ச்சி என்று சொல்வதா, என் ஆராய்ச்சி என்று மட்டும் சொல்வதா, அதை நீதான் எழுத வேண்டும்.

எது எழுதினாலும் நீ நல்லா இருக்கணும். அம்மாவிடம் சொல்ல வேண்டி வந்தால், சேலத்துக்கு நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

என்றும் உன்,
ஸ்ரீதேவி