பெர்னில் நாலு நாள்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஐந்தாம் வகுப்பு நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் ஜுரம் கண்டவள் மாதிரி இருக்கிறேன். இருந்தாலும் நாலு தடவை திறந்து பார்த்தாயிற்று.

ரூத் சிஸ்டர் டிக்கெட்டே அனுப்பிவிட்டார். நம் மிஷன் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நர்ஸ், இப்போது சொந்த ஊரில் ஓய்வு. தசரா லீவோடு கூட ஒரு வாரம் சேர்த்தால், பயணமும் சிஸ்டர் வீட்டு நாட்களும் போக, ஊர் சுற்ற முழுசாக நாலு நாள். ஊர் பெர்ன். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சுவிட்சர்லாந்துக்குத் தலைநகரம் என்றேன். "ஜெனீவா தான டீச்சர்?" என்கிறாள் ஜியாகரஃபி எடுப்பவள். தலையில் அடித்துக்கொண்டேன்.

திட்டம்:
1 - மணிக்கூண்டு. மணி அடிக்குமுன் பொம்மைகள் ஆடுமாம்.
2 - கரடிக் குழி. ஊருக்குள்ளேயே நிஜக் கரடி!
3 - ஆறு. பழைய ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது.
4 - ஒன்றுமில்லை. யாரும் "டீச்சர்" என்று கூப்பிடாத தெருவில் சும்மா நடப்பது.

நாலாவது நாள்தான் முக்கியம்.

செப். 8, ஞாயிறு

ஆராதனைக்கு அப்பா, எங்கள் நைனா, வந்திருந்தார், கங்காதர நெல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும். இந்த வெயிலில்! தாத்தாவை மேல்சாதிக்காரர்கள் ஊர்த் தெருவில் சட்டை போட்டு நடக்க விட்டதில்லை. அதனால் நைனா பால் வாங்கக்கூடச் சட்டையில்லாமல் வெளியே போகமாட்டார். நானே அவரை வெறும் உடம்போடு பார்த்ததில்லை.

சபைக்கும் ஸ்கூலுக்கும் ஒரே செயலாளர். லீவுக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். ஓரமாகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். என் நாலு நாளும் அதில்! அந்த ஊரில் தினம் ஒரு சபையில் நான் பேச வேண்டுமாம்.

"நூல் பொடவ கட்டுமா. கொஞ்சம் பழசா. பாத்தா அவங்க மனசு எளகணும். ஒரு ஜீப்பு கெடச்சா கிராம ஊழியத்துக்கு எவ்ளோ சௌகர்யம்!"

கிராம ஊழியமாம். அவர் சம்சாரம் திருப்பதி ஜவுளிக்கடை வாசலில் ஜீப்பிலிருந்து இறங்குவது இப்போதே கண்ணில் தெரிகிறது.

"இது என் சொந்தப் பயணம் ஐயா."

"லீவு சொந்தமில்லையேமா. அர்த்தமாயிந்தா?"

புரிந்ததாவாம். சிரிப்பு வேறு. வீட்டுக்கு வந்து முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

செப். 13, வெள்ளி

தூறல். செயலாளர் (இனி வெறும் செய.) போட்டோக்காரரோடு ஸ்கூலுக்கு வந்தார். வெளிநாட்டுக்குக் காட்டப் படமாம். நல்ல சட்டை போட்ட பிள்ளைகளைக் கழற்றச் சொன்னார். "இவன் நல்லா துன்னு கொழுத்துக்கீறான், பின்னால போ." எலும்பு தெரிகிறவர்கள் முன்வரிசை. தலை வாரி வந்த பெண்களின் பின்னலை அவரே அவிழ்த்துவிட்டார்.

சீ.

வாய் திறக்காமல் நின்றேன். லீவு லெட்டர் அவர் பையில்.

செப். 21, சனி

திருப்பதி. ஸ்வெட்டர் வாங்கினேன், பழுப்பு, கொஞ்சம் தொளதொள. செய. சொன்னபடி ஸ்டுடியோவில் போட்டோக் கவரையும் வாங்கிக்கொண்டேன்.

பாகாலாவில் ரயில் நின்றுவிட்டது. எஞ்சின் மாற்றம். எதிர் சீட்டில் ஓர் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் கவரைப் பிரித்தேன்.

நம் பிள்ளைகள். நம் பிள்ளைகள். அப்புறம் நைனா.

இடுப்பில் துண்டு மட்டும். பின்னால் இடிந்த மாட்டுக்கொட்டாய், அது பக்கத்து நிலத்துக்காரருடையது. நம் வீடு ஓட்டு வீடு, போன கிறிஸ்மஸுக்குத்தான் சுண்ணாம்பு அடித்தோம். படத்தின் பின்னால் செய. கையெழுத்தில் இங்கிலீஷில்: எங்கள் ஆசிரியையின் தகப்பனார், அவருடைய வீட்டின் முன்.

படத்தைக் கவிழ்த்து வைத்தேன். அந்த அம்மா, "ஏமண்டி, நீள்ளு தாகுதாரா?" என்று சொம்பை நீட்டினாள். குடித்தேன்.

செப். 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நேராக நைனாவிடம். சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டியதும் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் நைனா?"

"கழட்டுனாதான் உனக்கு லீவுன்னாரு. ரெண்டு நிமிஷம். அதுக்கு இன்னா இப்போ?"

"நான் போகல. டிக்கெட்ட திருப்பி அனுப்பிடறேன்."

இதுவரை என்மேல் கை நீட்டாதவர், இன்று கையை ஓங்கிவிட்டார். அப்புறம் தாழ்த்தினார்.

"கழட்டுனது கழட்டுனதுதான். நீ போலனா நான் சும்மா கழட்டுனதா ஆயிடும்."

ரெண்டு பேரும் அழவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னல் வழியாக, "கரடி இருக்குதுன்னியே, பாத்துக்கினு வா" என்றார்.

செப். 23, திங்கள்

லீவு உத்தரவு கைக்கு வந்தது. "கவரு பத்திரம்மா" என்றார் செய. "பத்திரம் ஐயா" என்றேன். கவர் விடியற்காலையிலேயே வெந்நீர் அடுப்பில் சாம்பல். நெகட்டிவ் இன்னும் அவரிடம். திரும்பி வந்தால் வேலை இருக்காது. அப்படியே இருந்தாலும் செய. முகத்தைத் தினம் பார்க்கவேண்டும்.

திட்டம், திருத்தியது:
1 - மணிக்கூண்டு.
2 - கரடி. நைனாவுக்குச் சொல்ல நன்றாகப் பார்க்க வேண்டும்.
3 - ஆறு.
4 - நைனாவுக்குச் சட்டை. கழுத்து அளவு பதினைந்தரை.