நனைந்த தேர்தலும் எம்லினின் குரலும்

கெண்டல்
23 மே 2024

சிவப்புக்காரர் எம்லினுக்கு, நீலக்காரி பெரிலின் அன்பு.

நேற்று மாலை பிரதமர் கொட்டும் மழையில் நின்று தேர்தல் தேதி சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு குடை இல்லை. அங்கே வேல்ஸில், லனெல்லியில் நீங்கள் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்திருப்பீர்கள். என் கட்சிக்காரர் நனைந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஜூலை நான்காம் தேதி நான் வழக்கம்போல எங்கள் நீலக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடப்போகிறேன். எங்கள் தொகுதியில் மஞ்சள் கட்சிதான் வருஷக்கணக்காக ஜெயிக்கிறது, என் ஓட்டால் ஒரு தூசும் அசையாது. ஆனாலும் போடுவேன்.

என் இடுப்பு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன், பத்திரிகையின் இணையதளத்தில் வாசகர் கருத்துப் பகுதியில் நாம் முதன்முதலில் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? 'ஆஸ்பத்திரி வரிசையில் கொஞ்சம் பொறுமையாக நிற்கலாமே' என்று நான் எழுதினேன். 'அம்மணி, உங்களுக்கு மூட்டு வலி வரட்டும், அப்புறம் பேசுவோம்' என்று நீங்கள் பதில் போட்டீர்கள். நல்ல வாய் முகூர்த்தம் உங்களுக்கு. ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து இது இரண்டாவது கோடைக்காலம், இன்னும் கூப்பிடவில்லை.

சரி, ஒரு கேள்வி. கிறிஸ்துமஸ் சமயத்தில் 'மின்னஞ்சல் எழுதி எழுதிக் கை வலிக்கிறது, போனில் பேசுவோமே' என்றது நீங்கள்தான். எண்ணும் கொடுத்தேன். ஈஸ்டருக்குப் பிறகு அந்தப் பேச்சையே காணோம். முப்பது வருஷம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்ன மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில் கூப்பிடுங்கள்.

பெரில்

லனெல்லி
27 மே

அன்புள்ள பெரில்,

சிரித்தேன். ஒளிக்க மாட்டேன். சட்டை முழுக்க டீ.

நேற்று கூப்பிட முடியவில்லை, மன்னியுங்கள். போனில் ஏதோ கோளாறு. தவிர, என் குரலில் என்ன இருக்கிறது? "கார்டிஃப் வண்டி தாமதம், வருந்துகிறோம்." இதையே முப்பது வருஷம் சொன்னேன். நீங்கள் கேட்டு என்ன ஆகப்போகிறது?

எங்கள் ஊரில் ஒரு கழுதைக்கு எங்கள் லேபர் கட்சியின் சிவப்பு ரோஜாவைக் குத்தி நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள். ஆகவே என் ஓட்டும் உங்கள் ஓட்டைப் போலத்தான், அலங்காரத்துக்கு. ஆனாலும் பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்லை. இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்ல நாய் பிஸ்கட்டையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எம்லின்

கெண்டல்
3 ஜூன்

அன்புள்ள எம்லின்,

உங்கள் போன் கோளாறை நான் நம்பவில்லை. ஒரு வாரமாக இதே யோசனைதான். கம்பளி பின்னும்போது இரண்டு கண்ணி தவறவிட்டேன், உங்களால்தான்.

என் ஊகங்கள் இவை. உங்களுக்கு ஒரு மனைவி இருக்கிறாள், போனை ஒட்டுக் கேட்கிறாள். அல்லது நீங்கள் வேல்ஸ்காரரே இல்லை, பணக்காரப் பள்ளியில் படித்த லண்டன் துரை, வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அல்லது இரகசியமாக நீலத்துக்கு மாறிவிட்டீர்கள், குரல் நடுங்குமே என்று பயப்படுகிறீர்கள். பக்கத்து வீட்டு நோரீன் சொல்கிறாள்: "அந்த ஆளு ஜெயில்ல இருப்பான்டி, அங்கதான் ஃபோன் குடுக்க மாட்டாங்க." எனக்கு அதுவும் பரவாயில்லை. எது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆர்வம் தாங்காத
பெரில்

லனெல்லி
6 ஜூன்

அன்புள்ள பெரில்,

ஜெயில் இல்லை. மனைவி போய் ஒன்பது வருஷமாகிறது. கட்சி மாறுவதற்குப் பதில் கடலில் விழுவேன்.

எனக்குக் குரல் இல்லை. மார்ச்சில் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தேன். ஈஸ்டருக்குள் கரகரப்பாகி, இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. எதிரில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும், போனில் ஒன்றுமே கேட்காது.

டாக்டரிடம் போகவில்லையா என்று திட்டுவீர்கள். எங்கள் கிளினிக்கில் காலை எட்டு மணிக்குப் போன் செய்தால்தான் அன்றைக்கு இடம். செய்கிறேன். பதிவு செய்த குரல் என்னை வரிசையில் நிறுத்துகிறது. முக்கால் மணி நேரம் அந்தப் பாழாய்ப்போன பியானோ. கடைசியில் ஒரு பெண் வந்து, "ஹலோ? ஹலோ? யாருங்க? பேசுங்க" என்கிறாள். நான் பேசத்தான் பேசுகிறேன். அவளுக்குக் கேட்பதில்லை, வைத்துவிடுகிறாள். மறுநாளும் அதே கதை. நேரில் ஒருமுறை போனேன். நான் வாயைத் திறக்குமுன் "எட்டு மணிக்கு ஃபோன் பண்ணுங்க சார், எல்லாருக்கும் அதே ரூல்தான்" என்று சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டினாள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு காகிதத்தில் எழுதி நீட்டியிருக்கலாம். தெரியும். உண்மையைச் சொன்னால், அவள் போனை வைக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி. முயற்சி செய்தோம், கிடைக்கவில்லை என்று வீட்டில் இருந்துவிடலாம் அல்லவா? என் அப்பாவுக்கும் தொண்டையில்தான் வந்தது, பெரில். எனக்குப் பயமாக இருக்கிறது.

எம்லின்

கெண்டல்
6 ஜூன், அதே நாள் மாலை

எம்லின்,

உங்கள் பிறந்த தேதி, வீட்டு முகவரி, கிளினிக்கின் எண், மூன்றையும் உடனே அனுப்புங்கள். மூட்டு தேய்ந்த எனக்கு வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

பெ.

கெண்டல்
7 ஜூன்

அன்புள்ள எம்லின்,

காலை எட்டு மணிக்கு உங்கள் வரிசையில் போய் நின்றேன். பியானோ நீங்கள் சொன்னதைவிட மோசம். பிஸ்கட் கூடவே ஊளையிட்டது. பிறகு அந்தப் பெண் வந்தாள். நடந்ததை அப்படியே தருகிறேன்.

"நோயாளி நீங்களா மேடம்?"

"இல்ல கண்ணு. உங்க ஊர் எம்லின். அவருக்குக் குரல் போயிடுச்சு."

"அவரே பேசணும் மேடம். மத்தவங்ககிட்ட அவரப் பத்தி நாங்க எதுவும் சொல்லக்கூடாது."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ. குரல் இல்லாதவரு எப்படி ஃபோன்ல பேசுவாரு?"

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"எதிர்க்கட்சி."

சிரித்துவிட்டாள், எம்லின். பிறகு அவள் குரல் மாறியது. "மேடம், ஈஸ்டர்லேர்ந்து காலைல ஒரு கால் வரும். மூச்சு மட்டும் கேக்கும். எவனோ வம்பு பண்றான்னு நெனச்சு நாங்க எல்லாரும் கட் பண்ணிட்டோம். அது அவரா?"

"அவருதான்."

"அய்யோ. திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. நேரா என்கிட்ட வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

ஆக, உங்கள் கிளினிக்கில் நீங்கள் மூச்சு விடும் விஷமி என்று பெயர் வாங்கியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை போகிறீர்கள். போகாவிட்டால் நானே ரயிலேறி வந்து உங்கள் வாசலில் நீலப் பதாகை நட்டுவிடுவேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதை எழுதியதற்கு நன்றி. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பெரில்

லனெல்லி
27 ஜூன்

அன்புள்ள பெரில்,

போனேன். அந்தப் பெண் கை பிடித்து உட்கார வைத்து, தேநீர் கொடுத்தாள். டாக்டர் அவசரம் என்று எழுதி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள். குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது. மயக்கம் கொடுத்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். இரவு அங்கேயே தங்க வேண்டும்.

எந்தத் தேதி என்று கேளுங்கள். ஜூலை நான்கு! பதினான்கு வருஷமாக உங்கள் ஆட்களை ஆட்சியிலிருந்து இறக்கக் காத்திருந்தேன். இறங்கும் நாளில் நான் வாயைத் திறந்துகொண்டு மயக்கத்தில் கிடக்கப்போகிறேன். தபால் ஓட்டுக்குக் கெடு போன வாரமே முடிந்தது. எனக்குப் பதில் ஓட்டுப் போட வேறொருவரை அனுப்பும் கெடு நேற்றோடு போயிற்று, ஆஸ்பத்திரிக் கடிதம் இன்றுதான் வந்தது. தேதியை மாற்றச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வாரத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

எம்லின்

கெண்டல்
28 ஜூன்

எம்லின்,

மாற்றினால் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். விளையாட்டில்லை. ஓட்டைக் காட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நழுவப் பார்க்கிறீர்கள்.

நாடாளுமன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கட்சி உறுப்பினர் நோயில் படுத்தால், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அவருக்கு இணையாகத் தானும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று குறையும், கணக்குச் சரி. நான் உங்களுக்கு இணை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் வீட்டில் இருக்கிறேன். நம் தொகுதிகள் வேறு வேறு என்று சட்டம் பேசாதீர்கள். நானும் இதுவரை ஒரு தேர்தலை விட்டதில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரில்

லனெல்லி
3 ஜூலை

அன்புள்ள பெரில்,

பெட்டி கட்டிவிட்டேன். காலையில் போகிறேன். ஒரு நீலக்காரி எனக்காக இப்படிச் செய்வாள் என்று நான்கு வருஷத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அடித்தே இருப்பேன்.

குரல் போய்விட்டால் நான் யார் என்றுதான் புரியவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரலைத்தான் தெரியும்.

உங்கள் இணை,
எம்லின்

கெண்டல்
5 ஜூலை

அன்புள்ள எம்லின்,

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் அது சுலபமாக இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பிஸ்கட் என்னோடு வாக்குச்சாவடிக்கு வந்து வாசலில் உட்காரும், எல்லோரும் படம் எடுப்பார்கள். நேற்றும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாசலில் எங்கள் கட்சியின் நீல ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு நோரீன் நின்றாள்.

"என்னடி, உள்ள வரலையா?"

"இல்ல. நான் ஒருத்தருக்கு இணை. அவரு ஆஸ்பத்திரில இருக்காரு, லேபர்காரரு."

"லேபர்காரனா! உனக்கு இடுப்புதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியும் போச்சா?"

கதவு வரை போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். பிறகு உங்களை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

எழுந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

பெரில்

கெண்டல்
12 ஜூலை

எம்லின்,

ஒரு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உங்கள் கட்சி நாட்டையே வாரிக்கொண்டு போயிருக்கிறது. உங்கள் ஊரில்தான் கழுதைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது, அதுவும் ஜெயித்துவிட்டது. வேறு எந்தச் சமயமாக இருந்தாலும் நீங்கள் ஒரு நாளைக்கு நான்கு கடிதம் போட்டு என் உயிரை வாங்கியிருப்பீர்கள். ஜெயித்த எம்லின் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வந்து பீற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதப் பிடிக்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். பேச வேண்டாம். கையில் இருப்பதை வைத்துத் தட்டுங்கள். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. நான் வைக்க மாட்டேன்.

பெரில்

லனெல்லி
19 ஜூலை

என் அன்புள்ள பெரில்,

பரிசோதனை முடிவு தெரியாமல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்று தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்கு நின்றபோது உங்கள் எண்ணை அழுத்தினேன். "ஹலோ?" என்றீர்கள். "யாருங்க?" என்றீர்கள். அந்தக் கிளினிக் பெண்ணைப் போலவே! போயிற்று, வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். சட்டைப்பையில் வீட்டுச் சாவிதான் இருந்தது, அதை வைத்துப் போனில் ஒருமுறை தட்டினேன்.

"எம்லின்," என்றீர்கள். "நகராதீங்க. நான் கேக்கறேன், நீங்க தட்டுங்க."

புற்றா என்று கேட்டீர்கள். ஒன்று தட்டினேன். உங்கள் பக்கம் நாய் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு, "ஆரம்பம்தானா?" என்றீர்கள். ஒன்று. "குணமாகும்னு சொன்னாங்களா?" ஒன்று. "பொய்யா தட்டறீங்களா?" அவசர அவசரமாக இரண்டு தட்டினேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் அழுதீர்கள். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன். அந்தக் கம்பளிக் கதையை, நோரீனை, உங்கள் இடுப்பை, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டேன்.

மே மாதத்திலிருந்து என் குரலைக் கேட்கத் துடித்தவர் நீங்கள். கடைசியில் கேட்டது நான். நீங்கள் அதட்டும் பேர்வழி, கட்டைக்குரல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சின்னப் பெண் குரல் உங்களுக்கு, பெரில். இனி உங்கள் கடிதங்களை எல்லாம் அந்தக் குரலில்தான் படிப்பேன்.

ஆகஸ்டில் கதிர் சிகிச்சை தொடங்குகிறது. குரல் திரும்புமாம், பழையபடி வராதாம், கரடுமுரடாக இருக்குமாம். வந்தவுடன் முதல் அறிவிப்பு கெண்டலுக்குத்தான். நோரீனையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் தள்ளிப் போட்டிருந்தால் இன்னொரு வாரமும் தள்ளிப் போட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

உங்கள் இணை,
எம்லின்

பின்குறிப்பு: நாங்கள் ஜெயித்துவிட்டோம், அம்மணி! எத்தனை இடம் தெரியுமா? உட்காருங்கள், ஒவ்வொரு தொகுதியாகச் சொல்கிறேன்.