ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று

இன்று பதினோராம் வகுப்பில் பகா எண்களுக்கு முடிவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டிலிருந்து பதினேழு வரையுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி, 510510 என்று கரும்பலகையில் எழுதினேன். "இதுல ஒண்ணு கூட்டினா பகா எண் வந்துருமுங்களா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். வராது என்று மட்டும் சொல்லிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தேன். எல்லாம் உன் மேல் உள்ள கோபம்தான்.

நாம் பீளமேட்டில் ஒன்றாக எம்.எஸ்சி. படித்த நாளிலேயே நீ பஸ் டிக்கெட் எண்ணைக்கூடக் காரணி பிரிக்காமல் விடமாட்டாய். கல்யாணமாகிச் சூலூருக்குப் போய், நாளெல்லாம் தறிச் சத்தத்தில் இருந்தும் அந்தப் புத்தி மாறவில்லை. வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்திருந்தாய். டாக்டர் என்ன சொன்னார் என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல புள்ள, புண்ணுங்கறாரு. நீ இதச் சொல்லு, 510511 பகா எண்ணா?"

நானும் உட்கார்ந்தேன். பதினேழு வரையுள்ள எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி ஒன்றுதான் வரும், அது தெரிந்த கதை. அடுத்து இருந்த பத்தொன்பது மீதியில்லாமல் வகுத்தது. 26869 வந்தது. அதை உடைக்கத்தான் நேரமாயிற்று: 97, 277. பெரிய சாதனைபோல உனக்கு அனுப்பினேன். கை தட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாய்.

உன் மகள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன பிறகு உன் வீட்டுக்காரர் சொன்னார். "ஸ்கேன் எடுத்த அன்னிக்கே உடனே ஆபரேசன் பண்ணோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. புள்ள கல்யாணம் முடியட்டும், ஆருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிப்போட்டா."

அவர் மேலும் கோபம்தான். ஆனால் அவருக்கு அழத்தான் தெரிந்தது. நீ படித்தவள். கல்யாணப் பந்தியில் என் இலையில் இன்னொரு ஜிலேபியை வைத்துவிட்டு, நீ ஏன் சாப்பிடவில்லை என்றதற்கு விரதம் என்றாயே, எப்படி மனம் வந்தது? மண்டபத்துக்கு வேறு நாள் கிடைக்காதா? உன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவள் இன்றுவரை தன் கல்யாண போட்டோவைச் சுவரில் மாட்டவில்லை. அவள் சந்தோஷத்துக்காக என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நீ போனதிலிருந்து 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லை என்னால் தாங்க முடிவதில்லை. போன மாதம் உடுமலையிலிருந்து என் அண்ணி போனில் பேசினார். ஏதோ டெஸ்ட் எடுத்தார்களாம், ஒன்றுமில்லையாம். மறுபேச்சு பேசாமல் பஸ் ஏறினேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். வெளியே வந்ததும் அண்ணிக்கு முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"நம்ப மாட்டனுங்க அண்ணி" என்றேன்.