ஓட்டப்போகிறவளை யார் கேட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அவருக்கு இருமல் விட்டுவிட்டது, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார், மாடித் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் மூன்று நாளாகக் கோபம் இறங்க மாட்டேன் என்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் அவள் வயிற்றில் உருண்டுகொண்டிருக்கிற சின்ன ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியர்காரர் கடல் தாண்டி ஆறு நாளில் உன் கையில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். நீ புக் பண்ணியிருக்கிற கார் அடுத்த மாதம் முதல் வாரம்தான் வருகிறது, ஆகவே நேரம் இருக்கிறது, ஆற அமர முழுவதும் படி.

முதலில் இருந்து வருகிறேன். குழந்தை வரப்போகிறது, இருக்கிற சின்னக் கார் போதாது, குழந்தை சீட்டை மாட்டினால் முன் சீட்டில் இருக்கிறவர் முட்டி முகத்தில் இடிக்கிறது, தள்ளுவண்டியை வைத்தால் டிக்கி மூடவில்லை, எல்லாம் நியாயம், நான் இல்லை என்று சொல்லவில்லை. மூன்று கார்களைப் பொறுக்கி, டிக்கி எத்தனை லிட்டர், கதவு எவ்வளவு அகலம், தம்ளர் வைக்க எத்தனை குழி என்பதுவரை கட்டம் கட்டமாகப் போட்டு அனுப்பினாயே, அதை யாருக்கு அனுப்பினாய்? உன் அப்பாவுக்கு. கண் மங்கிப்போய் ஸ்டியரிங்கைத் தொட்டே பன்னிரண்டு வருஷம் ஆன மனுஷருக்கு. உனக்கு நாலு வயதிலிருந்து இருபத்து நாலு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டி, காலையில் பதினாறு மாலையில் பதினாறு என்று ஊரார் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்ட நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், அதே மேஜையில்தான் சாப்பிடுகிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அபாரமாகப் போட்டிருக்கிறான் பையன் என்றார். எது நல்லது என்று கேட்டேன், எல்லாமே நல்லதுதான் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

சரி, இவர்களை நம்பிப் பிரயோசனமில்லை என்று நானே இங்கே உள்ள ஷோரூமுக்குக் கிளம்பினேன், அந்த மூன்று கார்களும் இங்கேயும் விற்கிறார்கள். தனியாகப் போகவில்லை. நம் மாடியில் குடியிருக்கிற தையல்காரிக்கும் ஏழு மாதம், மருமகள் உயரம்தான், மருமகள் பருமன்தான், வா ஒரு வேலை இருக்கிறது என்று அவளையும் கூட்டிக்கொண்டேன். உன் அப்பாவும் வந்தார், ஏன் வந்தார் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அங்கே டை கட்டிய ஒருத்தர் ஓடி வந்து வணக்கம் சொன்னார், சொன்னது எனக்கில்லை, உன் அப்பாவுக்கு. மைலேஜ் சார், டார்க் சார், ஹில் அசிஸ்ட் சார் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார், இந்த மனுஷரும் தலையை ஆட்டி ஆட்டி அப்படியா, பரவாயில்லையே, டார்க் நல்லா இருக்கே என்கிறார். டார்க் என்றால் என்னவென்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார், இன்ஜினின் இழுவை என்று நான்தான் சொன்னேன், அதையும் எழுதிவிடுகிறேன். நான் குறுக்கே போய்ப் பின் சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டேன். மேடம், எட்டு கலர் இருக்கு மேடம் என்றார். இருபத்து நாலு வருஷம் கிளட்ச் மிதித்த காலால் அவரை ஒரு மிதி மிதிக்கலாமா என்றிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு நான் அவரிடம் பேசவேயில்லை, வேலையைப் பார்த்தேன். தையல்காரியை ஒவ்வொரு காரிலும் பின் சீட்டில் ஏற்றி இறக்கினேன். ஒரு தடவை வெறுங்கையாக, ஒரு தடவை என் கைப்பையைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, ஒரு தடவை பக்கத்தில் வண்டி நெருக்கி நிற்பதாக வைத்துக்கொண்டு கதவைப் பாதி மட்டும் திறந்து. வயிறு தள்ளிக்கொண்டு அவள் ஏறி இறங்குவதைப் பார்த்த ஷோரூம்காரருக்கு வியர்த்துவிட்டது, பிரசவம் இங்கேயே ஆகிவிடுமோ என்று பயந்து நாற்காலி கொண்டுவந்தார், தண்ணீர் கொண்டுவந்தார், கடைசியில் மேனேஜரையே கொண்டுவந்தார். அவள் ஜம்மென்று இருந்தாள், ஏசி நல்லாருக்குக்கா இன்னொரு தடவை ஏறட்டுமா என்றாள். முதல் கார் தாழ்வு, இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இரண்டாவது இடமிருக்கிறது, கதவுதான் குறுகல். மூன்றாவதுதான் அந்தப் பெரியது, ஏழு பேர் உட்காரலாம், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு, உள்ளே நின்றுகூட குழந்தைக்குத் துணி மாற்றலாம். நான் ஓட்டின வேன் மாதிரியே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே உனக்குப் போன் பண்ணி, யோசிக்காதே, பெரியதை வாங்கு, அம்மா சொல்கிறேன் என்றேன். நீயும் மறுநாளே புக் பண்ணிவிட்டாய். நம் பேச்சுக்கு மதிப்பிருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையை அளக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகளைக் கூப்பிட்டேன். கதவு எப்படி, உயரம் எப்படி என்று நான்பாட்டுக்கு அளந்துகொண்டே போகிறேன், அவள் நல்ல வண்டிதான் அத்தை, நல்ல வண்டிதான் அத்தை என்று மென்று முழுங்குகிறாள். எனக்குச் சுருக்கென்றது. நீ ஓட்டிப் பார்த்தியாம்மா என்று கேட்டேன். சீட்டெல்லாம் மெத்துன்னு இருக்கு அத்தை என்றாள். திரும்பக் கேட்டேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே பார்க்கவில்லையாம். மூன்றில் ஒன்றில்கூட. நீ சாவியை வாங்கிச் சுற்றிவந்தாயாம், அவள் பின்னால் குழந்தை சீட் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாளாம். நானும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று நான் தோண்டித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னாள். உன்மேல் புகார் சொல்வதாக நினைக்காதே, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது பெரிய வண்டி, உனக்கு சரிப்படாது. அதான் நான் இருக்கேன்ல" என்றாயாமே.

எங்கேடா இருக்கிறாய் நீ? மாதத்தில் பதினைந்து நாள் வேலைத்தளத்தில் கூடாரத்தில் கிடக்கிறாய். அந்தப் பதினைந்து நாளும் குழந்தைக்கு ஊசி போட வேண்டாமா, காய்ச்சல் வராதா, பால் பவுடர் தீராதா? ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீட்டர், பஸ் நிறுத்தம் இருபது நிமிஷ நடை என்று நீதானே சொன்னாய். அதைவிட இன்னொன்று. அந்தச் சின்னக் காரைப் புதியதற்கு மாற்றாகக் கொடுக்கப்போகிறாயாம். அது யாருடைய கார்? கல்யாணத்துக்கு முன்பே அவள் சம்பளத்தில் அவள் வாங்கியது, ஆறு வருஷம் தண்ணீர் சோதிக்கிற அவளுடைய லேபுக்கு மழையென்றும் பனியென்றும் பாராமல் அவளே ஓட்டிப் போனது. ஒரே ஒரு தடவை உங்கள் கட்டிடத்துத் தூணில் பம்பர் உரசியதற்கு நீ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். நான் உன் வயதில் கேட் கதவையே பெயர்த்திருக்கிறேன், உன் அப்பா யாரிடமும் சொல்லவில்லை, அந்த மட்டில் அவர் பெரிய மனுஷர். குழந்தைக்கு இடம் வேண்டுமென்று கார் வாங்குகிறாய் சரி, அதில் குழந்தையைப் பெற்றவளுக்கு எந்த இடம் என்று நீ யோசித்தாயா? கட்டம் கட்டமாகப் போட்டாயே, அதில் ஓட்டப்போகிறது யார் என்று ஒரு கட்டம் போட உனக்குத் தோன்றவில்லையே.

போனை வைத்துவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. நான் என்ன கிழித்தேன்? தையல்காரியை அத்தனை தடவை பின் சீட்டில் ஏற்றி இறக்கினேனே, ஒரு தடவை முன்னால் உட்காரடி, கால் எட்டுகிறதா பார், பானெட்டுக்கு அப்பால் ரோடு தெரிகிறதா பார் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததா? வண்டி ஓட்டிப் பிழைத்தவள் நான், எனக்கே வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் பின் சீட்டு என்றுதான் புத்தி போயிருக்கிறது. மறுநாள் அவளை மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். ஷோரூம்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார், விடவில்லை. அந்தப் பெரிய காரில் அவளை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்தேன். பிரேக் எட்ட வேண்டுமென்று சீட்டை முன்னால் இழுத்தால் வயிறு ஸ்டியரிங்கில் முட்டுகிறது, பின்னால் தள்ளினால் கால் எட்டவில்லை, அது பிரசவத்தோடு சரியாகும் என்றாலும் பானெட்டுக்கு முன்னால் ஒரு மாடு படுத்திருந்தாலும் தெரியாது. ஆக நான் உனக்குச் சொன்னது தப்பு. அம்மா சொல்கிறேன் என்று அடித்துச் சொன்னதும் தப்பு. இதை நான் ஒப்புக்கொள்வது உனக்குப் புதிதாக இருக்கும், பரவாயில்லை, பழகிக்கொள்.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், கோபத்தில் சொல்வதில்லை. நீ ரொட்டி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன கதையை உன் சிநேகிதர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். ஒன்பது மாதக் குழந்தையாக ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு போனாய், இறங்கும்போது உன்மேல் வெண்ணெய் வாசனை அடித்தது, நர்ஸ் சிரித்தாள், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அதை அப்படிச் சிரிப்பாக ஆக்கிவைத்தது நான்தான். மீதியை யாரிடமும் சொன்னதில்லை. அது பட்டப்பகல், பதினொன்றரை மணி. உனக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகிவிட்டது, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. நம் கார் வாசலில்தான் நின்றது. உன் அப்பா அச்சகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார், காரை உறை போட்டு வைத்திருப்பார். எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அதற்கு முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தேன். "கனமான வண்டி, உனக்கு சரிப்படாது. நான் இருக்கேன்ல" என்றார். அன்றைக்கு நான் உறையைக் கிழித்துக் கதவைத் திறந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி திருப்பினேன், மறுபடி குதித்து நின்றது. வண்டியைக் கியரிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. அதை அப்படியே திறந்துபோட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் பெரிய ரோடுவரை ஓடினேன். யாரும் நிறுத்தவில்லை. எத்தனையோ வண்டிக்குப் பிறகு அந்த ரொட்டி வண்டிக்காரர் நிறுத்தினார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. சம்பாத்தியத்துக்காக நான் டிரைவிங் படித்தேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தேன். உன் அப்பா தடுக்கவில்லை, அந்த வாரம் முழுவதும் அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இதை எழுதட்டுமா என்று இன்று காலை அவரிடம் கேட்டேன். எழுது, அவனுக்குத் தெரியட்டும் என்றார்.

எந்தக் காரை வாங்கு என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன். கட்டிய முன்பணம் போனால் போகட்டும். இரண்டாவதாக ஒன்று இருந்ததே, கதவு குறுகல் என்று நான் தள்ளியது, அதுவோ, நீ பார்க்காத நாலாவது எதுவோ, அது உங்கள் பாடு. அவளைக் கூட்டிக்கொண்டு போ, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போ, சாவியை அவள் கையில் கொடு, நீ பின்னால் குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார். திருப்பத்தில் பிரேக் பிரேக் என்று கத்தாதே, பல்லைக் கடித்துக்கொள். அவள் அந்தப் பெரியதே வேண்டும், நான் ஓட்டிவிடுவேன் என்று சொன்னால் அதுவே வாங்கு, எனக்குச் சந்தோஷம்தான். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நாங்கள் வந்துவிடுவோம், எங்களை ஏர்போர்ட்டில் அழைக்க யார் வந்தாலும் சரி.

நீயும் அவளும் நூறு வருஷம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், பிள்ளை கைகால் சுகத்தோடு பிறந்து உன்னைப் போலவே பிடிவாதமாக வளர வேண்டும், உனக்கு அப்போதுதான் புரியும். மருமகளை மாத்திரை மறக்காமல் சாப்பிடச் சொல், கால் வீங்கினால் தலையணை வைத்துக்கொள்ளச் சொல். நான் இவ்வளவு எழுதினேன் என்று அவளிடம் கோபித்துக்கொண்டாயானால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன். அவளுடைய அந்தச் சின்னக் கார் வீட்டைவிட்டுப் போக வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். அதுவரை அதன் சாவியை நீ தொடாதே. நீ வேலைத்தளத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு வீட்டில் ஒரு குழந்தை இருக்கும், வாசலில் ஒரு கார் நிற்கும், அதை ஓட்டத் தெரிந்தவள் உள்ளே இருப்பாள். அவளால் ஓட்ட முடிகிற காராக மட்டும் அது இருக்கட்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கோபம் முக்கால்வாசி இறங்கிவிட்ட
உன் அம்மா