மாப்பிள்ளை, உன் டீ ஆறிப்போச்சு

என் உயிர் மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு, ஏணிக்கு அந்தப் பக்கம் நீ இல்லாம நிக்கிற மச்சான் எழுதறது.

வர்ற தை மாசம் வந்தா நீ போய் ஒரு வருஷம். அங்கே டீ கிடைக்குதா? கிடைச்சா யாரு ஆத்தித் தர்றாங்க? நாலாங் கிளாஸோட நின்ன கை இது, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. செத்தவனுக்குக் கடுதாசி எழுதறான் பாருன்னு படிக்கிறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஊரைச் சிரிக்க வைக்கிறதுதானே என் முதல் தொழில், வெள்ளை அடிக்கிறது அதுக்கு அப்புறம்தானே?

முதல்ல சேதி சொல்லிடறேன். ஏகாதசிக்கு முன்னாடி சீரங்கத்துல இந்த வருஷமும் நல்ல வேலை. உத்தர வீதியில பாதி வீடு நம்ம வெள்ளையடிக்கிற மட்டை பட்டதுதான். உன் இடத்துல இப்ப தொட்டியத்துக்காரர் ஒருத்தர் ஏணி பிடிக்கிறார். தங்கமான மனுஷன், ஆனா நான் எவ்வளவு கேலி பண்ணினாலும் "அப்படிங்களா" ங்கறார். சுவத்துக்கிட்ட பேசினாக்கூட சுண்ணாம்பாவது உதிரும்.

உன் பொண்டாட்டி, அதான் என் தங்கச்சி சரோஜா, நல்லா இருக்கா. உறையூர் வீட்டை மாத்தலை. கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு இன்னமும் அவ கைச்சோறுதான்.

இனிமே சொல்லப்போறது நல்ல சேதி இல்லை. இருபது நாளா எனக்குச் சூடா டீ இறங்க மாட்டேங்குது. உதட்டுல வைக்கிறேன், தொண்டைக்குப் போனதும் முள்ளு மாதிரி நிக்குது. கீழே வெச்சிட்டு ஆறட்டும்னு உட்கார்ந்திருக்கேன். டீக்கடையில நீ உட்கார்ந்த அதே பெஞ்சு. இதை இன்னும் சரோஜாகிட்டச் சொல்லலை, வேற யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்டதான் முதல்ல.

நீ எப்படிக் குடிப்பேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? வேலை பார்க்கிற வீட்டுல காப்பி வாசனை மட்டும்தான் நமக்கு. டீக்குக் காதர் பாய் கடைக்கு வரணும். அங்கே ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்குவம். எனக்கு டிகாஷன் தூக்கலா, சீனி கம்மியா, முக்கித் திங்க ஒரு வர்க்கி. உனக்கு ஆத்தவே கூடாது. கொதிக்கக் கொதிக்க வாங்கி, கிளாஸை வேட்டி நுனியில பிடிச்சு, மூணே மடக்கு.

"அது வாயா, சுண்ணாம்புக் காளவாயா மாப்ளே?" ன்னு கேட்பேன்.

"நாக்கைப் பேசறதுக்கே தேய்ச்சிட்டே மச்சான். நான் என் நாக்கைக் குடிக்க வெச்சிருக்கேன்" னு நீ சொல்லுவே. கடையே சிரிக்கும்.

அப்படிப்பட்ட ஆளு, போன வருஷம் ஆடி வாக்குல, "பாய், கொஞ்சம் ஆத்திக் குடுங்க" ன்னே. நான் வர்க்கியைக் கீழே போட்டுட்டேன். ஆவணியில ரெண்டு தடவை ஆத்தச் சொன்னே. புரட்டாசியில கிளாஸைப் பெஞ்சுல வெச்சு, மேலே ஆடை படியற வரைக்கும் தெருவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே.

நான் விடுவேனா? மாமன் மச்சான் உறவே கேலி பண்ணத்தானே. "பாய், வீட்டுல கைக்குழந்தைப் பாலாடை இருந்தா எடுத்துட்டு வாங்க, எங்க மாப்பிள்ளைக்குப் புகட்டி விடணும்" னேன். கடைக்கு வர்ற வண்டிக்காரங்க எல்லாரும் உன்னைப் பாலாடைன்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. நீயும் சிரிச்சே.

"தொண்டை காந்துது மச்சான்."

"சுண்ணாம்பு தாளிக்கிறவனுக்குத் தொண்டை காந்தாம சந்தனமா மணக்கும்?"

அதுதான் நாம பண்ணின தப்பு. கிளிஞ்சல் சுண்ணாம்புல தண்ணி ஊத்தித் தாளிக்கும்போது புகையா கிளம்புமே, அது எத்தனை வருஷமா நம்ம தொண்டையில போகுது. இருமினா சுண்ணாம்பு, குரல் கம்மினா சுண்ணாம்பு, கண்ணு சிவந்தா சுண்ணாம்பு. நம்ம ஆளுங்க யாருமே அதுக்கு வைத்தியம் பார்த்தது இல்லை. ராத்திரி ஒரு கரண்டி நல்லெண்ணெய், அவ்வளவுதான். நீயும் அதையே குடிச்சே. நானும் அதையே குடிக்கச் சொன்னேன்.

ஐப்பசியில நான் செஞ்ச காரியத்தை இது வரைக்கும் வாய் விட்டுச் சொன்னதில்லை. நீ முகம் கழுவப் போன நேரம், ஆறவெச்சிருந்த உன் கிளாஸை எடுத்துட்டு, கொதிக்கிற டீ ஒண்ணை அதே இடத்துல வைக்கச் சொன்னேன். பாய் வேண்டாம்னார். நான்தான், "சும்மா வைங்க, பழைய காளவாய் எரியுதான்னு பார்ப்போம்" னேன்.

நீ ஒரு வாய் உறிஞ்சினே. எல்லாரும் உன்னையே பார்க்கிறோம்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. துப்பலை. கண்ணுல தண்ணி முட்ட முழுங்கிட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சே. அப்புறம் எழுந்து போய், கடைக்குப் பக்கத்துல இருந்த நம்ம சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னாடி துப்பினே. வெள்ளையா காய்ஞ்சு கிடந்த தரையில சிவப்பா விழுந்தது.

வெத்திலைன்னு நினைச்சேன் மாப்ளே. சத்தியமா வெத்திலைன்னுதான் நினைச்சேன். அப்பவே நீ வெத்திலையை விட்டு ஒரு மாசம் ஆகியிருந்துச்சுங்கறது எனக்கு எப்ப உறைச்சுது தெரியுமா? பெரியாஸ்பத்திரி வராந்தாவுல.

டாக்டர் உன் வாயில லைட் அடிச்சுப் பார்த்துட்டு வெளியே வந்தார். தொண்டையில கட்டி, ரொம்ப நாளா இருக்கும்னார். "முழுங்கக் கஷ்டப்பட்டிருப்பாரே, யாரும் கவனிக்கலையா?" ன்னு கேட்டார். சரோஜா என் பக்கம் திரும்பினா.

"ஏண்ணே, பகல் பூரா உங்ககூடத்தானே இருந்தாரு. உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

இல்லைன்னுட்டேன். நீ தினம் ரெண்டு வேளை, பெஞ்சுல கிளாஸை வெச்சு வெச்சுச் சொன்னதை, நான் இல்லைன்னுட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவ அதைத்தான் நம்பிக்கிட்டிருக்கா.

நான் கேலி பண்ணாம இருந்திருந்தா நீ சொல்லியிருப்பியா? இல்லை, நீ எப்பவுமே வாயைத் திறக்காத ஆளுதானா? கடைசி வாரம் குரலே போனப்புறம், பாய் கடை டீயைத் தூக்குல வாங்கி பஸ்ஸுல காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். துணியில நனைச்சு உன் உதட்டுல வெச்சேன். நீ ரெண்டு கையையும் கஷ்டப்பட்டுத் தூக்கி, கிளாஸுலேர்ந்து கிளாஸுக்கு ஆத்தற மாதிரி காட்டினே. என்னைக் கேலி பண்ணினியா, மன்னிச்சியா? எத்தனையோ தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன், பிடிபடலை.

இப்ப என் கதைக்கு வர்றேன். என் டீ ஆறுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது பாய்தான்.

"என்ன பிச்சை, ஆடை படியுது?"

"மாப்பிள்ளைக்குப் படையல் பாய். அவருக்கு அப்படித்தானே பிடிக்கும்" னேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க. தொட்டியத்துக்காரர்கூடச் சிரிச்சிட்டார்னா பார்த்துக்க.

பாய் சிரிக்கலை. ஆத்தற கையை நிறுத்திட்டு, "போன வருஷமும் சிரிச்சோம்" னார்.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கிளாஸைக் கழுவப் போயிட்டார்.

பயமா இருக்கு மாப்ளே. ஒரு நாள் இது சுண்ணாம்புதான்னு தோணுது. மறு நாள், உன்னை நினைச்சு நினைச்சே தொண்டை அடைக்குதுன்னு தோணுது. ரெண்டும் இல்லைன்னா? இன்னொரு தடவை சரோஜா அந்த வராந்தாவுல நிக்கணுமேன்னுதான் மூடி வெச்சேன். நீயும் அதுக்காகத்தான் மூடி வெச்சியோ? நேத்து தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். "என்னண்ணே, குழம்பு உறைப்பா?" ன்னு கேட்டா. "உறைப்பு உன் நாக்குலதான் தங்கச்சி" ன்னு தப்பிச்சேன். அவளும் சிரிச்சா. இப்படித்தானே நீயும் எங்க முன்னாடி சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே.

அதனால உனக்கு ஒரு வாக்குத் தர்றேன். நாளைக்கு வேலைக்குப் போகலை, தொட்டியத்துக்காரருக்குச் சொல்லியாச்சு. காலையில சரோஜா டீ போட்டு எதிர்ல வைப்பா. அது ஆறறதுக்குள்ள சொல்லிடுவேன். ஐப்பசியில நான் கிளாஸை மாத்தி வெச்சதையும் சேர்த்துச் சொல்லுவேன். அவ திட்டினா வாங்கிக்கிறேன், அழுதா கூடவே உட்கார்ந்திருக்கேன். அப்புறம் ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்.

கேலி கலக்காம நான் எதையும் பேசினதே இல்லையே, அதான் வாயில வர மாட்டேங்குது. இந்தக் கடுதாசியே அதுக்கு ஒத்திகைதான். இதோ, உனக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிறேன்: தங்கச்சி, எனக்கு டீ இறங்கலை.

உன் தங்கமான பொண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்னிக்கும் மச்சான்,
பிச்சை