ஒரு வீட்டு ஒப்பம்

1994 ஒக்டோபர் 16, ஞாயிறு

ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய காணியில், புதிதாக வரும் அகதிக் குடும்பங்களுக்கு வாடகை குறைந்த வீடுகள் கட்ட இருந்தோம். எல்லோரும் ஒப்பமிட்டால்தான் வேலை தொடங்கலாம். இன்றைய கூட்டத்தில் ஒருவர் மட்டும் மறுத்தார். என் கணவர்.

"கார் பார்க்கிங் காணாது, அவசரப்பட வேண்டாம்" என்றார். பக்கத்தில் இருந்த நான் வாய் திறக்கவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். "உண்மையா ஏனப்பா மறிச்சனீங்கள்?"

"அங்கை வீடு கட்டினா எங்கட பேஸ்மென்ற்றில ஆர் இருக்கிறது? வீட்டுக்கடன் மோர்ட்கேஜை ஆர் கட்டுறது?"

எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற்றில் செல்வி வாடகைக்கு இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். அந்த ஈரத்தில் சின்னவளுக்கு எந்நேரமும் மூச்சிழுப்பு. முதல் வீட்டை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவள் நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது செல்வி வாசலில் நின்றாள்.

"அக்கா, எல்லாரும் சைன் வைச்சிட்டினமே?"

"ஒராள் மாட்டன் எண்டிட்டார்."

"ஆர் அந்த மனச்சாட்சி இல்லாத ஆள்?"

கணவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியேல்லை" என்றேன்.

"நீங்கள் எவ்வளவு பாடுபட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாக விடும்வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.