ரெண்டு பேரும் நிறுத்திட்டோம்

மார்ச் 3, ஞாயிறு

வாழைப்பழத் தோலை உரிக்கும்போதே குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாகச் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி தின்ற பழம், ஒரு தோட்டமே உள்ளே போயிருக்கும். இன்று பாதியைத் தின்று மீதியை முதுகுப் பையில் வைத்தேன். அது அங்கேயே நசுங்கி, சட்டையெல்லாம் பிசுபிசு. வீட்டுக்கு வந்து அதை அலசும்போது ஒரு கேள்வி வந்தது. நான் எதுக்கு இதைச் செய்துகொண்டிருக்கிறேன்?

முன்பெல்லாம் கேள்வியே வராது.

இன்று போனது வெறும் பயிற்சிதான். இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் போன மாதமே முடிந்தது. இந்த மாதக் கடைசியில் முந்நூறு, அப்புறம் நானூறு, அறுநூறு. நாலையும் ஒரே சீசனில் முடித்தால் அடுத்த வருடம் நாலு நாள் ஓட்டத்துக்குத் தகுதி. இதைத்தான் கனவு கனவு என்று சொல்லித் திரிந்தேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டடங்களில் காவலாளிகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

மார்ச் 5

சைக்கிள்காரர்களின் வாட்ஸப் குழுவில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். கால் படம், ஷூ படம், வியர்வை வழிகிற மூஞ்சிப் படம். "வலி போகும், பெருமை நிற்கும்" என்று ஒருத்தர். பெருமை தாராளமா நிக்கட்டும். எனக்கு உட்கார முடியவில்லை. சீட்டில் உரசி உரசிப் புண். களிம்பைத் தடவிக்கொண்டு மிஷின் ரூமில் நின்றபடியே சாப்பிட்டேன்.

"என்ன சார், நாற்காலியோட சண்டையா?" என்றார் கூட வேலை செய்பவர்.

மார்ச் 10, ஞாயிறு

லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டார், அவசரமாகப் போகிறேன் என்று மாப்பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. பொய் நிற்க வேண்டுமே என்று சட்டை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இந்த வயதில் பள்ளிக்கூடம் கட் அடிக்கிறவன் மாதிரி.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். இதே கட்டடத்தில் கீழ்மாடி. பல் செட் செய்கிற லேபில் வேலை. ஒரு காலத்தில் அவர் குடித்த குடிக்கு அளவே இல்லை. கை நடுங்கும், பல் வரிசை கோணிக்கொள்ளும், லேபில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் என் பழைய சைக்கிளைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. திரும்ப வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

சாயங்காலம் தங்கச்சி மேலே வந்தாள். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாளோ என்னவோ, நேராகவே கேட்டாள்.

"உனக்கு அலுத்துடுச்சா அண்ணா?"

"கொஞ்சம்."

"நீ போகலைன்னா அவரும் போகமாட்டார். அப்புறம் ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டுல சும்மா உக்காந்திருப்பார். எனக்குப் பயமா இருக்கு. இந்த சீசன் மட்டும் ஓட்டிடு. உன் கால்ல வேணா விழறேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? புலி வாலைப் பிடித்த கதைதான். விடவும் முடியாது, பிடித்துக்கொண்டு ஓடவும் முடியாது.

மார்ச் 14

மாப்பிள்ளை புது முன்விளக்கு வாங்கிப் படம் அனுப்பியிருக்கிறார். "உங்களுக்கும் ஒண்ணு ஆர்டர் சொல்லவா மச்சான்?" சொல்லுங்க என்று போட்டேன். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

காலை முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கறுப்புச் சட்டையில் உப்புப் பூத்திருந்தது. ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு, அதே நாலு வரியை மறுபடி மறுபடி... மனுஷனுக்கு எப்படி அலுக்காமல் இருக்கிறது? டீக்கடையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு இதெல்லாம் வெறுத்துப்போச்சு மாப்ள."

"எதிர்க்காத்து மச்சான், அதான். திரும்பும்போது என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாங்க. காத்தை நான் பாத்துக்கறேன்."

அப்படியே செய்தார். வழி நெடுகக் காற்றை அவர் வாங்கிக்கொண்டார். நான் நிழலில் போகிறவன் மாதிரி பின்னால் போனேன், மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு.

மார்ச் 20

மனைவியோடு சண்டை. "பிடிக்கலைன்னா விட்டுத் தொலைங்களேன். யாரு உங்களை வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சா?"

"அவர் திரும்பக் குடிச்சா?"

"குடிச்சா அவர் குடிச்சது. நீங்களா ஊத்திக் குடுத்தீங்க?"

உனக்குப் புரியாது என்றேன். துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "புரியுதுங்க. உங்களுக்கு அந்தப் பேரு வேணும்."

மூன்று நாளைக்கு அவளோடு பேசுவதாக இல்லை.

மார்ச் 24, ஞாயிறு, சாயங்காலம்

மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. தங்கச்சி ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்றுதான் முந்நூறு. மலையேற்றம் தொடங்கும் இடத்தில் மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். வழக்கம்தான், மேலே காத்திருப்பார். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. வழியில் ஒரு பஸ் நிழற்குடை வந்தது. இறங்கினேன். பஞ்சர் இல்லை. தசைப்பிடிப்பு இல்லை. தண்ணீர்கூட இருந்தது. சும்மா இறங்கினேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு அருவருப்பு. கைப்பிடியில் சுற்றிய நாடா வியர்வை ஊறி அழுக்கேறிக் கிடக்கிறது. சங்கிலியில் கறுப்புப் பசை. தொடக்கூடப் பிடிக்கவில்லை. இதோடு இன்னும் பாதி தூரமா?

விலகுகிறவன் அமைப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தேட ஆள் அனுப்புவார்கள். அமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பேர் ரூல்ஸ். தூக்கத்தில் எழுப்பினாலும் விதி எண்ணோடு பேசுகிற ஆள். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "ரெண்டு பேரும் நிறுத்திட்டோம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைக் காணோம் என்றால் மாப்பிள்ளை திரும்பி வந்துவிடுவார், நான் இல்லாமல் போகவே மாட்டார். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதோடு, நான் மட்டும் விட்டேன் என்றால் கேவலம். இரண்டு பேர் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் உண்மை.

சார்ஜ் தீராமல் இருக்க அவர் ஓட்டத்தின்போது போனை அணைத்தே வைத்திருப்பார். ரொம்ப நேரம் நிழற்குடையில் காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் ஒரு மினி லாரிக்காரர் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். வாசலில் நின்றிருந்த தங்கச்சி, லாரியில் ஒரு சைக்கிள் மட்டும் இறங்குவதைப் பார்த்தாள்.

"அவர் எங்கண்ணா?"

ரூல்ஸைத் திரும்பக் கூப்பிட்டேன். "நீங்கதான் கடைசி ரெண்டு பேர். நிறுத்திட்டீங்கன்னதும் அடுத்த பாயின்ட்ல இருந்தவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேனே" என்றார். அடுத்த பாயின்ட் ஒரு முச்சந்தி. முத்திரை குத்த ஒரு மேசை, தண்ணீர் கேன், இரண்டு பேர். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தபோது அங்கே ஈ காக்கா இருந்திருக்காது. நானும் இல்லை. அந்த முச்சந்தியில் இருப்பது ஒரு பார்.

பாரைப் பற்றித் தங்கச்சியிடம் சொல்லவில்லை.

மார்ச் 25

நேற்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். கீழே சைக்கிள் பூட்டுகிற சத்தம் கேட்டது. தங்கச்சி எழுவதற்குள் நான் முந்திக்கொண்டு படி இறங்கினேன். ஹெல்மெட் வாரைக் கழற்ற உதவுகிற மாதிரி கிட்டே போய், முகத்துக்கு நேராக மூச்சை இழுத்தேன். வியர்வை, புழுதி. வேறொன்றும் இல்லை.

அவர் அசையாமல் நின்றார். "ஊதிக் காட்டட்டுமா மச்சான்?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். அவரே சட்டைப் பையிலிருந்து ஒரு பில்லை எடுத்துத் தங்கச்சி முன்னால் வைத்தார். பார் பில். ஒரு சோடா.

"பாயின்ட்ல ஒருத்தரும் இல்ல. ஆள் இல்லாத எடத்துல ஏதாவது கடை பில் இருந்தா சாட்சிக்குப் போதும்னு ரூல்ஸ் சொல்வாரே. அங்க பில் போடற கடை அது ஒண்ணுதான். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் உள்ள போய் சோடா வாங்கிட்டு வந்துட்டேன்."

தங்கச்சி பில்லைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்பாடு போடவா?" என்றாள்.

"உங்களுக்குப் பஞ்சரோன்னு நெனச்சு மெதுவாத்தான் போனேன் மச்சான்," என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "அப்புறம் தனியா போறதும் நல்லாத்தான் இருந்துச்சு."

நான் ரூல்ஸிடம் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"நான் விட்டுடுவேன்னு நெனச்சீங்க. குடிப்பேன்னும் நெனச்சீங்க."

எழுந்து கை கழுவப் போனார்.

இன்னொன்று இருக்கிறது. எழுதவே கூசுகிறது. அவர் மூச்சில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அந்த நொடி எனக்கு நிம்மதி வரவில்லை. முதலில் வந்தது ஏமாற்றம். நான் இல்லாம இந்த ஆள் எப்படிக் குடிக்காம வந்தான்னு. த்தூ. தங்கச்சி வாழ்க்கைடா அது. அது நாசமாப் போனாலும் என் பேரு நிக்கணும்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. பழம் பிடிக்கல, குழு பிடிக்கல, சைக்கிள் பிடிக்கலன்னு இத்தனை நாள் எது எது மேலயோ காறித் துப்பிட்டிருந்தேன். துப்ப வேண்டிய ஆள் கண்ணாடிலதான் இருந்திருக்கான்.

மனைவி கேட்டால் என்ன சொல்வது? அவள் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

மார்ச் 26

மாப்பிள்ளை நிறுத்தவில்லை, பொய் சொன்னது நான்தான் என்று குழுவில் எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி. சோடா பில் செல்லும், மாப்பிள்ளை முந்நூறை முடித்ததாகவே கணக்கு என்று ரூல்ஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தப்புத் தகவல் கொடுத்ததற்காக இந்த சீசன் முடியும்வரை எனக்குத் தடை. தண்டனையாம். படித்ததும் உடம்பெல்லாம் லேசானது. தண்டனையில் சுகம் காண்கிற மூஞ்சியைப் பார், என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 5

மாப்பிள்ளை படியில் எதிரே வந்தார். தலையை ஆட்டினார், போய்விட்டார். இதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 13

வந்தார். நானூறுக்கு என் பின்விளக்கு வேண்டுமாம். கழற்றிக் கொடுத்தேன். யார் கூடப் போகிறார் என்று கேட்டேன். "யாரும் இல்ல, தனியாத்தான்." உங்களுக்குப் பயமா இல்லையா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"காபி?" என்றாள் மனைவி.

"குடிக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது, "நீங்க பிடிக்காமலே எனக்காக ஓட்டிட்டு இருந்தது எனக்குத் தெரியும் மச்சான்," என்றார். "நீங்க விட்டாத்தான் நானும் தனியா ஓட்டிப் பார்க்க முடியும்னு இருந்தேன். கேக்கத்தான் தைரியம் வரல."

ஏப்ரல் 21, ஞாயிறு

மாப்பிள்ளை இன்று விடியற்காலை கிளம்பினார். நானூறு. மத்தியானம் தங்கச்சி கீழேயிருந்து போன் செய்தாள். பயப்பட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். மிக்சி ஓடவில்லையாம்.

போய்ப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கம்பி தளர்ந்திருந்தது. அவள் பாட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய், அலுவலகத்தில் புதுசாக வந்தவள் என்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் எங்கே இருப்பார், எப்போது வருவார் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன நாட்களில்கூட இவள் ஜன்னலை விட்டு நகரமாட்டாள், சாப்பிடவும் மாட்டாள் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

பேச்சு நின்றிருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன். சோபாவில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

மிக்சியை மூடித் திருகினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.